மாமா கொண்டு வந்த பிஸ்கட் டின்: குட்டியின் அங்கி அசலா?

கிழக்குத்தெரு (கீழக்கரை) – வெள்ளி, இரவு 10.15

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். இங்கே இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் சின்ன மாமா தம்மாமில் வேலை பார்த்தார். 1983-ல் நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது எனக்கும் ராத்தாவுக்கும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொம்மை கொண்டு வந்தார். போன மாதம் பழைய வீட்டின் பரணை ஒழித்தபோது அந்த டின் அப்படியே கிடைத்தது. மூடியைத் திறக்க உளி தேவைப்பட்டது, அவ்வளவு துரு.

உள்ளே ஏழு பொம்மை, ஒரு வண்டி. இவர்கள் எந்தப் படத்து ஆட்கள் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. ஆன்டெனாவைச் சிலோன் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்த காலம் அது. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கறுப்பு உடுப்புக்காரர் ஜின். வெள்ளை முகமூடிக்காரர் பல் டாக்டர். பொன்னிறத்தில் இருப்பவர் நகைக்கடை முதலாளி. உருளையாக இருப்பது குப்பைத்தொட்டி. ரோமக்காரர் கரடி. பழுப்புச் சட்டை போட்ட வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர். கடைசியாக, விரல் நீளம்கூட இல்லாத ஒருவன், அவன் பெயர் குட்டி.

இப்போது நெட்டில் தேடியதில் எல்லாம் கென்னர் கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் என்று தெரிகிறது. காலின் பின்பக்கம் 1977 என்று வருஷமும், ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற எழுத்துகளும், ஹாங்காங் என்றும் இருக்கின்றன. குட்டியின் பெயர் ஜாவாவாம். அவனுக்குத் துணி அங்கி இருந்தால் சாதாரணம், பிளாஸ்டிக் அங்கி இருந்தால் அபூர்வம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் குட்டி போட்டிருப்பது பிளாஸ்டிக் அங்கி. படங்கள் இணைத்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லுங்கள்.

விலைசொல்லு (ராமநாதபுரம்) – வெள்ளி, இரவு 10.22

மச்சி!!! வினைல் (அந்தப் பிளாஸ்டிக்தான்) அங்கி ஜாவாவா? யாரிடமும் காட்டாதே, முதலில் எனக்கு மெசேஜ் போடு. பொம்மை ஒன்று 5,25,000 டாலருக்கு ஏலம் போனது தெரியுமா?

தொண்டிக்கரை (தொண்டி) – சனி, காலை 5.50

விலைசொல்லு தம்பி, விடிவதற்குள் ஏலத்தைத் தொடங்காதே. அந்த 5,25,000 டாலர் ஜாவாவுக்கு இல்லை. 2024-ல் ஏலம் போனது அதே படத்தொடரின் போபா ஃபெட் பொம்மைக்கு முன்னோட்டமாகச் செய்த உருவம், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் வகை. அது கடைக்கே வந்ததில்லை. வேறொரு கம்பெனியின் விண்வெளிப் பொம்மையில் இருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை ஒரு பையனின் தொண்டையில் போய் உயிரைப் பறித்த பிறகு, கென்னர் ராக்கெட்டை அசையாமல் ஒட்டி அனுப்பியது. முன்னால் செய்து பார்த்த சில மட்டும் வெளியே வந்தன. அதனால்தான் அந்த விலை.

கிழக்குத்தெரு தம்பிக்கு: காலில் இருக்கும் எழுத்து சரிதான். ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப் என்பதன் சுருக்கம் அது. அப்போது கென்னர் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் 1977 என்பது உரிமை பதிவான வருஷம், பொம்மை வார்த்த வருஷம் அல்ல. 1982-ல் வார்த்த பொம்மையின் காலிலும் 1977 இருக்கும். இதை வைத்து வயது சொல்லும் வியாபாரியை நம்ப வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. 1977-ல் படம் வந்தபோது கென்னர் கையில் பொம்மையே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் வார்த்து முடிக்க வழியில்லாததால் அட்டை உறைக்குள் ஒரு சீட்டை வைத்து விற்றார்கள். சீட்டை அனுப்பினால் அடுத்த வருஷம் நான்கு பொம்மை தபாலில் வரும். ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொல்வது போலத்தான். அதையும் ஜனங்கள் வாங்கினார்கள்.

இப்போது ஜாவா. 1978-ல் முதலில் வந்தவற்றில்தான் வினைல் அங்கி. மற்றவர்களில் பாதி உயரம்தான் இருக்கிறான், மேலே மெல்லிய பிளாஸ்டிக் வேறு, இதற்கும் அதே விலையா என்று வாங்குபவர் கேட்பார்களே என்று சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் மாமா வாங்கியது 1983. ஐந்து வருஷம் கடையில் தங்கிய சரக்கு என்றால் ஒழிய, கணக்கு இடிக்கிறது. அங்கியின் கீழ் விளிம்பைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பாம்பன்பட்டறை (பாம்பன்) – சனி, காலை 8.30

பாய், அங்கி கிடக்கட்டும். நான்காவது படத்தில் ஒரு வண்டி இருக்கிறதே, லேண்ட்ஸ்பீடர், அதன் அடிப்பக்கம் ஏன் இப்படித் துருப்பிடித்திருக்கிறது? டின்னுக்குள் இருந்ததற்கு இவ்வளவு வராதே.

கிழக்குத்தெரு – சனி, காலை 9.05

அது எங்கள் வேலைதான் அண்ணே. மேலிருந்து பார்த்தால் அதற்குச் சக்கரமே தெரியாது, முன்பக்கம் வளைந்து இருக்கும். எங்களுக்கு அது வண்டி என்றே தெரியாது, வள்ளம் என்று நினைத்தோம். தினம் சாயங்காலம் கடற்கரையில் விடுவோம். கரடிதான் சுக்கான் பிடிப்பார், ஜின் அணியத்தில் நிற்பார். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் இரண்டு தடவை ஆளோடு கவிழ்ந்திருக்கிறது.

பாம்பன்பட்டறை – சனி, காலை 9.20

சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது. பாய், அது தரையில் மிதந்து போகிற வண்டி. அடியில் சக்கரம் மறைந்திருக்கும், கம்பியைத் தள்ளினால் ஸ்ப்ரிங்கில் ஏறி இறங்கும். லேசாகத் துள்ளித் துள்ளி ஓடும், பார்ப்பவருக்கு மிதப்பது போலவே இருக்கும். அந்த ஸ்ப்ரிங்கைத்தான் ஆண்கடலில் (மன்னார் வளைகுடாவில்) முக்கி எடுத்திருக்கிறீர்கள்.

நான் போட் இன்ஜின் பார்க்கிறவன், உப்பு என்ன செய்யும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். உப்பு காய்ந்து போனாலும் வேலையை நிறுத்தாது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இழுத்துத் தன்னைத் தானே நனைத்துக்கொள்ளும், அடியில் இரும்பைத் தின்னும். வறண்ட துணியால் துடைத்து அலமாரியில் வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள், மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றி. குப்பைத்தொட்டியை மட்டும் தண்ணீரில் போட்டுவிட வேண்டாம், அதன் உடம்பில் சுற்றியிருப்பது ஒட்டுக் காகிதம், ஊறினால் உரிந்துவிடும். பொன்னிறக்காரரை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். அது பூச்சுதான், மேலே மெல்லிய உலோகப் படலம். நகைக்கடை முதலாளி கவரிங் ஆகிவிடுவார்.

தங்கச்சிமடம்_டீச்சர் (தங்கச்சிமடம்) – சனி, மதியம் 1.10

பட்டறை சொன்னதோடு ஒன்று. ஸ்ப்ரிங்குக்கு டீசலோ பெட்ரோலோ காட்டிவிடாதீர்கள்.

பாம்பன்பட்டறை – சனி, மதியம் 1.14

டீச்சர் என்னைத்தான் சொல்கிறார். ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் ஒரு ஜி.ஐ. ஜோ பட்டாளக்காரப் பொம்மையின் பெயிண்ட் கறையை எடுக்கத் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். கறையோடு முகமும் போய்விட்டது. இப்போது அவர் மூக்கு இல்லாமல் பட்டறை ஜன்னலில் நிற்கிறார்.

அந்த ஜி.ஐ. ஜோ விஷயம் தெரியாதவர்களுக்கு: 1982-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் வந்த சின்ன அளவு ஜோவுக்கு நெஞ்சையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். நம் ஊர் வெயிலில் அது இற்று அறுந்தால் ஆள் இரண்டாகப் பிரிந்துவிடுவார். உடைந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முதுகில் ஒரே ஒரு திருகாணி, அதைக் கழற்றிப் புது ஓ-ரிங் மாட்டினால் எழுந்து நிற்பார். பட்டறையில் கிடந்த ஓ-ரிங் டப்பாவில் தேடினேன், ஐந்தாவது கச்சிதமாகப் பொருந்தியது. நம் நாட்டில் ஃபன்ஸ்கூல் போட்ட ஜோக்களுக்கு வெளிநாட்டில் தனிக் கிராக்கி, காரணம் அந்த நிறங்கள். பச்சையாக இருக்க வேண்டிய வீரர் மாம்பழ நிறத்தில் இருப்பார். சின்ன வயதில் டூப்ளிகேட் என்று கேலி செய்தோம், இப்போது அதைத்தான் தேடுகிறார்கள்.

விலைசொல்லு – சனி, மதியம் 2.00

பல் டாக்டர் மஞ்சளாக இருக்கிறாரே, ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அப்புறம் படம் எடுத்து விற்கலாம். நான் நிறையப் பண்ணியிருக்கிறேன்.

தங்கச்சிமடம்_டீச்சர் – சனி, மாலை 4.45

தெரியும் தம்பி, உங்களிடம் வாங்கி ஏமாந்தவர்கள் இந்தப் பலகையிலேயே இரண்டு பேர்.

வெளுக்கும் என்பது உண்மை. மஞ்சள் நிறம் பிளாஸ்டிக்கின் மேல்தோலில் ஏற்பட்ட ரசாயன மாற்றம், பெராக்சைடும் வெயிலில் உள்ள புற ஊதாவும் சேர்ந்து அந்த நிறத்தைக் கலைக்கின்றன. ஆனால் மாற்றத்துக்கு ஆளான பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கிறது. அதனால் சில பொம்மைகளில் இரண்டு மூன்று வருஷத்தில் மஞ்சள் திரும்பிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் கொஞ்சம் அதிகம் வைத்தால் திட்டுத் திட்டாக வெளிறி, சாம்பல் பூத்தது போல ஆகும். அதை மீட்க வழியே இல்லை. உங்கள் வீட்டு அலமாரிக்காகச் செய்வது வேறு. செய்ததைச் சொல்லாமல் விற்பதற்குப் பெயர் வேறு.

கிழக்குத்தெருவுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பொம்மைகளில் பெரும்பாலும் உடம்பு கெட்டி பிளாஸ்டிக், கை கால் பி.வி.சி. அதை மென்மையாக வைக்க ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். நாளானால் அது வேர்வை மாதிரி வெளியே கசியும், தொட்டால் பிசுபிசுக்கும். அந்தக் கசிவு பக்கத்தில் இருக்கும் வண்டியின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கரடியை வண்டியிலேயே உட்கார வைத்து நாற்பது வருஷம் விட்டிருந்தால் அவர் உட்கார்ந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். தனித்தனியாக வையுங்கள். பி.வி.சி. பை வேண்டாம், பாலித்தீன் போதும். எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடலாம், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். அரிசி போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரிசி வண்டு வைக்கும், அவ்வளவுதான் பயன்.

தொண்டிக்கரை – சனி, இரவு 7.30

டீச்சரம்மா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு. பெராக்சைடும் வேண்டாம், ஓ-ரிங்கும் வேண்டாம், ஒன்றும் செய்யாதீர்கள் என்பேன் நான். பழசைப் பழசாக விடுங்கள். என்னிடம் பிரிட்டிஷ் டிங்கி கம்பெனி போட்ட தண்டர்பேர்ட் 2 விமானப் பொம்மை இருக்கிறது, 1967 சரக்கு, பச்சை நிறம். வயிற்றைக் கழற்றினால் உள்ளே குட்டி மஞ்சள் நீர்மூழ்கி இருக்கும், அழுத்தினால் நான்கு கால் ஸ்ப்ரிங்கில் குதித்து நிற்கும். இப்போது மூன்று கால்தான் குதிக்கிறது. நான்காவதை நான் தொடவில்லை. 1979-ல் டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள், நாம் மாற்றுவது எப்படியும் அவர்கள் போட்டதாக ஆகாது.

பாம்பன்பட்டறை – சனி, இரவு 7.52

ஐயா, உங்கள் வழியில் போனால் பாம்பனில் ஒரு போட்டும் மிதக்காது. வருஷம் ஒருமுறை கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிக்கிறோம், பலகை மாற்றுகிறோம். அதனால் அது வேறு போட் ஆகிவிடுமா? குதிக்க வேண்டிய கால் குதிக்கட்டும். பழைய ஸ்ப்ரிங்கைக் கடுதாசியில் மடித்துக் கூடவே வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

தொண்டிக்கரை – சனி, இரவு 8.01

போட்டைக் கடலுக்கு விட வேண்டும் தம்பி. இதை எங்கே விடப் போகிறேன்?

பாம்பன்பட்டறை – சனி, இரவு 8.03

கீழக்கரையில் விட்டிருக்கிறார்களே.

தலைமன்னார்க்கரை (மண்டபம்) – சனி, இரவு 11.40

நான் சேகரிப்பவன் இல்லை, வாசிப்பவன். பட்டறை அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன். 1990-ல் நாங்கள் படகில் வந்தபோது தம்பியின் கால்சட்டைப் பைக்குள் ஒரு சிவப்புக் கார் இருந்தது. மடக்கினால் கார், விரித்தால் ரோபோ. பேர் இல்லாத கம்பெனி. இரண்டு கையும் எப்போதோ போய்விட்டன, விரித்தால் கால்களோடு தலை மட்டும் எழும்பும். அதற்கு நான் கை செய்து போடலாமா என்று தம்பியிடம் கேட்டேன், வேண்டாம் என்றான். யார் சரி என்று எனக்குத் தெரியாது. வாசித்தபோது நினைவு வந்தது, அவ்வளவுதான்.

கிழக்குத்தெரு – ஞாயிறு, காலை 10.30

எல்லாருக்கும் நன்றி. தலைமன்னார்க்கரை அண்ணே, அந்தக் காரின் படம் முடிந்தால் போடுங்கள்.

டின்னின் அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தது, குண்டூசியைவிடக் கொஞ்சம் பெரிசு. அசல் ஆயுதம் தண்ணீரில் மிதக்கும், போலி முங்கும் என்று படித்தேன். கிணற்றுத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. அப்படியானால் அசல்தானே?

தங்கச்சிமடம்_டீச்சர் – ஞாயிறு, காலை 11.00

எந்தக் கிணறு? கீழக்கரை கிழக்குத் தெருக் கிணறு என்றால் அந்த உப்புத் தண்ணீரில் சோறே பொங்க முடியாதே.

கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். உப்பு விளையும் பாத்தியில் ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் போட்டால் போலி, அசல் எல்லாமே மிதக்கும், நீங்களும் மிதப்பீர்கள். கேன் தண்ணீரில், ஒரு சொட்டு சோப்பு விட்டுப் போட்டுப் பாருங்கள். சின்னப் பொருளை நீரின் மேற்பரப்பே தாங்கிவிடும், சோப்பு அதை உடைக்கும்.

தொண்டிக்கரை – ஞாயிறு, காலை 11.20

கேன் தண்ணீரில் மிதந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அசலிலேயே முங்குவது உண்டு, மிதக்கிற பிளாஸ்டிக்கில் போலி வார்ப்பவர்களும் உண்டு. ராமேஸ்வரத்தில் தொட்டியில் கல்லே மிதக்கிறது. அச்சுக் கோடுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள், அசலில் கூர்மையாக இருக்கும். அது சரி, அங்கியின் விளிம்புப் படம் எங்கே?

கிழக்குத்தெரு – ஞாயிறு, மாலை 6.15

இணைத்துவிட்டேன். துப்பாக்கி கேன் தண்ணீரிலும் மிதந்தது.

தொண்டிக்கரை – ஞாயிறு, இரவு 8.40

தம்பி, வருத்தப்படக் கூடாது. கை நுழையும் இரண்டு துளையும் சுத்தமாக இருக்கின்றன, அது தொழிற்சாலை வெட்டு. கீழ் விளிம்பு அப்படி இல்லை. படி படியாக இருக்கிறது, கத்தரிக்கோல் ஐந்தாறு தடவை வாய் திறந்து மூடிய தடம். நிறமும் ஜாவாவின் அங்கியைவிட ஒரு மாற்று அடர்த்தி.

இது பழைய தந்திரம். பென் கெனோபி பொம்மைக்கு நீளமான பழுப்பு வினைல் அங்கி உண்டு. அதைக் குட்டையாக வெட்டி ஜாவாவுக்குப் போட்டு அபூர்வம் என்று விற்பார்கள். அயல்நாட்டில் இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

விலைசொல்லு – ஞாயிறு, இரவு 8.44

அப்படியானால் பாய்தான் வெட்டி வைத்து ஆழம் பார்க்கிறாரா? அதற்குத்தானா முதல் பதிவிலேயே பரண், டின், மாமா என்று கதை?

கிழக்குத்தெரு – ஞாயிறு, இரவு 8.50

அல்லாஹ் அறிய நான் தொடவில்லை. விற்கப் போகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. இப்படிப் பேசுவதாக இருந்தால் இழையை மூடிவிடுங்கள்.

பாம்பன்பட்டறை – ஞாயிறு, இரவு 9.10

விலைசொல்லு, நீ போய்ப் படு. பாய், கோபப்படாமல் முதல் படத்தை ஒருமுறை பாருங்கள். வெள்ளைத் தாடிக் கிழவர் என்று எழுதினீர்களே, அவர்தான் பென் கெனோபி. அவர் வெறும் சட்டையோடு நிற்கிறார். அவருடைய அங்கி எங்கே? வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள்.

கிழக்குத்தெரு – ஒன்பது நாள் கழித்து, செவ்வாய், இரவு 11.05

மன்னிக்க வேண்டும், கோபத்தில் இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று ராத்தா கோலாலம்பூரில் இருந்து வீடியோவில் பேசினாள். டின்னைக் காட்டினேன். ஒவ்வொருவராக எடுத்துப் பேர் சொன்னாள், ஜின், பல் டாக்டர், முதலாளி என்று. குட்டியைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனுக்கு முதலில் துணி அங்கிதான் இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் கரப்பான் அரித்துவிட்டது. அவளுக்கு அப்போது ஏழு வயது. வாடைக்காற்றில் குட்டி சட்டை இல்லாமல் நிற்கிறானே என்று உம்மாவின் தையல் பெட்டியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து, கிழவருடைய அங்கியைக் கழற்றி, குட்டியின் அளவுக்கு வெட்டிப் போட்டிருக்கிறாள். “கிழவருக்குத்தான் உள்ளே சட்டை இருக்கே” என்றாள். எனக்குத் தெரிந்தால் அழுவேன் என்று சொல்லவில்லையாம்.

மிச்சத் துண்டு என்ன ஆனது என்று கேட்டேன். வள்ளத்துக்குப் பாயாகக் கட்டினோமே, மறந்துவிட்டாயா என்கிறாள்.

தொண்டிக்கரை – செவ்வாய், இரவு 11.30

கை துளை இரண்டையும் கெடுக்காமல் வெட்டியிருக்கிறாள். நல்ல கை. தம்பி, அந்த அங்கியை அவன் மேலேயே விட்டுவிடுங்கள். கிழவருக்கு மாற்று அங்கி வாங்கிப் போடவும் வேண்டாம்.

விலைசொல்லு – செவ்வாய், இரவு 11.34

சாரி பாய். அன்று வாய் நீண்டுவிட்டது. ஜாவா வேண்டாம், கரடி மட்டும் கொடுப்பீர்களா?

கிழக்குத்தெரு – செவ்வாய், இரவு 11.40

கொடுக்கிறதாக இல்லை தம்பி. சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும்.

பட்டறை அண்ணே, வண்டியை நான்கு தண்ணீரில் ஊறவைத்துவிட்டேன். கம்பியைத் தள்ளினால் சக்கரம் பாதி இறங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாம்பன் வந்தால் பட்டறை திறந்திருக்குமா?

பாம்பன்பட்டறை – புதன், காலை 6.10

மதியம்வரை இருப்பேன் பாய். ஸ்ப்ரிங் அளவுக்குப் பழசைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.